டேங்கர் வாயில் நின்றவனுக்கு

நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். கூப்பிட்டால் கேட்கிற தூரம். கூப்பிட்டால் "ஆங்" என்கிறாய், அதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறாய், தட்டைக் கழுவி வைக்கிறாய், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாய். உன் முதுகைப் பார்த்துப் பேசிப் பேசி எனக்குச் சலித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். கல்யாண வீட்டுக்காரர்களுக்குச் சமையல் சாமான் எழுதிக் கொடுப்பதைத் தவிர இத்தனை நீளமாக எதையும் எழுதியதில்லை. பிழை இருந்தால் சிரித்துக்கொள். நீ சிரித்து எத்தனையோ நாளாயிற்று, என் பிழைக்காவது சிரி. படித்த பிறகு உன்கூட வேலை செய்கிற பிள்ளைகளுக்குக் காட்டத் தோன்றினால் காட்டு. அவர்களுக்கும் வீட்டில் அம்மா இருப்பாள்.

திங்கட்கிழமை மறுபடியும் அதே யார்டுக்கு வேலைக்குப் போகிறாய். வேண்டாம் என்று நானும் சொன்னேன், உங்கப்பாவும் சொன்னார். "வேற இன்னா வேல தெரியும் எனக்கு" என்று கேட்டாய். சரி, போகிறவனைக் கட்டிப்போடவா முடியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான், போன வாரம், சட்டையை மடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று சொன்னாய். "இனிமே எவனாவது உள்ள உழுந்தா நான் எறங்கிடுவேம்மா." அதைச் சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கடிதம் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

நடந்ததை நீ ஒரே ஒரு தடவைதான் சொன்னாய், அதுவும் உங்கப்பா கேட்டதற்காக. மணவூரில் ரயிலை விட்டு இறங்கிப் போகிற அந்த யார்டில், சரக்கு இறக்கிவிட்டு வருகிற டேங்கர் லாரிகளைக் கழுவிக் கொடுப்பது உங்கள் வேலை. ஒருவன் உள்ளே இறங்கித் தேய்ப்பான். ஒருவன் லாரியின் மேலே, ஆள் நுழைகிற வட்ட வாயில் நிற்பான். இறங்குவதற்கு முன்னால் மெஷினை வைத்து உள்ளே நல்ல காற்று அடிக்க வேண்டும், மீட்டரை விட்டுப் பார்க்க வேண்டும், இறங்குகிறவன் பெல்ட்டும் கயிறும் கட்டிக்கொள்ள வேண்டும். மேலே நிற்பவனுக்கு ஒரே சட்டம், என்ன ஆனாலும் அவன் உள்ளே போகக் கூடாது. அன்றைக்கு இறங்க வேண்டியவன் உன் கூட்டாளி முனிரத்தினம், மேலே நிற்க வேண்டியவன் நீ. காற்று அடிக்கிற மெஷின் பக்கத்து லாரியில் ஓடிக்கொண்டிருந்தது. அது வரட்டும் என்று இரண்டு பேரும் மேலே காத்திருந்தபோது தேய்க்கிற பிரஷ் அவன் கை தவறி உள்ளே விழுந்துவிட்டது. நீ வேண்டாம் என்றாய். "காலி வண்டிதான் பாவா, எடுத்துகினு வந்துடறேன்" என்று அவன் ஏணியில் இறங்கினான். பெல்ட்டும் இல்லை, கயிறும் இல்லை. குனிந்து பிரஷைத் தொட்டவன் அப்படியே சாய்ந்துவிட்டான் என்றாய். இருமவில்லை, கத்தவில்லை, கையைக்கூட உதறவில்லை.

நீ கத்தினாய். பக்கத்து லாரி மெஷினை வரவழைத்துக் குழாயை உள்ளே விட்டாய். மூச்சுக்குக் காற்று சிலிண்டரோடு மாட்டிக்கொள்கிற முகமூடி ஸ்டோரில் இருந்தது, ஸ்டோர்காரன் சாவியோடு டீ குடிக்கப் போயிருந்தான். அதற்குள் இரண்டு பேர் ஓடிவந்து லாரிமேல் ஏறி உள்ளே இறங்கப் பார்த்தார்கள். நீ அந்த வாயை மறித்து உட்கார்ந்துகொண்டாய். ஒருவனைக் காலால் எட்டி உதைத்ததாகவும் சொன்னாய். கடைசியில் முகமூடி வந்து, ஒருவன் முறையாக இறங்கி, கயிறு கட்டித் தூக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த இரண்டு பேர் இன்றைக்கு அவரவர் வீட்டில் சோறு தின்கிறார்கள். அதை யாரும் பேசுவதில்லை. ரயிலில் பேசுவது வேறு. "தானும் எறங்கல, எறங்க வந்தவனையும் உடல" என்று நம் தெருவிலேயே ஒருவன் சொல்லக் கேட்டேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. நான் உலை வாயை மூடியே பிழைத்தவள், எனக்கு நன்றாகவே தெரியும்.

ஊர் பேசியதை நீ தாங்கிக்கொள்வாய். உன்னைச் சாய்த்தது அது இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் முனிரத்தினத்தின் அம்மா உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டாளே, அதுதான். அவள் எனக்கு வதினா, அண்ணி முறை; எங்கள் தெலுங்கில் அவளும் என்னை வதினா என்றுதான் கூப்பிடுவாள். பள்ளிப்பட்டில் என் பிறந்த வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவள் வீடு. அதனால்தான் நீங்கள் மச்சான் முறையில் ஒருவரை ஒருவர் பாவா என்று கூப்பிட்டுக்கொண்டீர்கள். அவள் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "நீ எறங்கலியா நைனா?" என்றாள். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கிற மாதிரி அவ்வளவு மெதுவாகக் கேட்டாள். நான் உன் பின்னால்தான் நின்றிருந்தேன். இறங்கக் கூடாது வதினா, அதுதான் சட்டம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. என் கை உன் சட்டையைப் பின்னால் கொத்தாகப் பிடித்திருந்தது. என் பிள்ளை இருக்கிறான், சூடாக இருக்கிறான், மூச்சு விடுகிறான் என்று அந்தக் கைக்குச் சந்தோஷம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் எதிரில் நிற்கும்போது அப்படி ஒரு சந்தோஷம். எனக்கே என்மேல் வெட்கமாக இருந்தது, ஆனாலும் சட்டையை விடவில்லை.

இறங்கிடுவேன் என்று நீ சொன்ன அன்றைக்கு உன்னைத் திட்டினேன். அதற்கு நீ "அப்பா எறங்கினாரு இல்ல?" என்று ஒரு கேள்வி கேட்டு என் வாயை அடைத்துவிட்டாய். இந்த வீட்டில் அந்தக் கதையைக் கேட்டுத்தானே வளர்ந்தாய். சொந்தக்காரர்கள் வந்தால் போதும், உங்கப்பா கையைத் திருப்பித் தழும்பைக் காட்டுவார், நான் உப்பு காரம் சேர்த்துக் கதையைச் சொல்வேன். தீயில் குதித்துப் பெண்டாட்டியைத் தூக்கி வந்த வீரர் என்று. அந்தக் கதையில் நான் எப்போதும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளிப்பட்டு வீட்டில் பேச்சு தெலுங்கு. அரிசியோ உப்போ எண்ணெயோ தீர்ந்துவிட்டால், தீர்ந்தது என்று வாயால் சொல்ல மாட்டோம். "நிண்டுகுந்தி" என்போம், நிறைந்துவிட்டது என்று. இல்லாததை இல்லை என்று சொன்னால் நிஜமாகவே இல்லாமல் போய்விடும் என்கிற பயம். கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தையும் சீரோடு கொண்டுவந்தேன். தமிழில் "நெறஞ்சிடுச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கப்பா வீட்டில் அப்படி ஒரு பழக்கம் கிடையாது. "காலின்னு சொன்னா வாய் வெந்துடுமா உனக்கு?" என்று கேலி செய்வார். வேகாதுதான். ஆனாலும் அந்தச் சொல் எனக்கு இன்றுவரை வாயில் வந்ததில்லை.

மலையடிவாரத்து மண்டபம் ஒன்றில் முகூர்த்தச் சமையல். அன்றைக்கு ஆள் குறைவு என்று உங்கப்பா ஒத்தாசைக்கு வந்திருந்தார். ஓரமாக நின்ற சிலிண்டரைக் காட்டி "அது நெறஞ்சிடுச்சி" என்று சொல்லிவிட்டு நான் காய்கறிப் பக்கம் போனேன். தீர்ந்துவிட்டது, வெளியே எடுத்துப் போடுங்கள் என்று அர்த்தம். மனுஷன் அது முழு சிலிண்டர் என்று நினைத்து, பெரிய அடுப்புக்கு மாட்டி, அடுப்பின் திருகையும் முழுசாகத் திறந்துவிட்டார். பற்றவில்லை. அடுப்புக் கண்ணில் அடைப்பு என்று நினைத்து, திருகை மூடாமலே, குத்துவதற்குக் கம்பி தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் வந்து பார்த்தேன். தீர்ந்த சிலிண்டரை யார் மாட்டியது என்று அவரைத் திட்டிக்கொண்டே அதைக் கழற்றி, நல்ல சிலிண்டரை மாட்டித் திறந்தேன். அடுப்புத் திருகு திறந்து கிடந்தது எனக்குத் தெரியாது. கேஸ் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் படரும். அடுத்த அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. நாற்றம் மூக்குக்கு ஏறி, நான் குனிந்து மூடுவதற்குள் தரையே ஒரு தடவை எரிந்து அடங்கியது. என் புடவைக் கரை பிடித்துக்கொண்டது. உங்கப்பா ஈரச் சாக்கோடு உள்ளே பாய்ந்து, என்னைச் சுற்றி அமுக்கி, வெறுங்கையால் சிலிண்டரை மூடினார்.

எல்லாரும் அவர் வீரத்தைப் பேசினார்கள். எல்லாம் என் ஒரு சொல்லால் வந்தது என்பதை நாங்கள் இரண்டு பேரும் வெளியே சொல்லவில்லை. அதுகூடப் பரவாயில்லை. நான் உனக்குச் சொல்லத் தவறியது வேறு. அன்றைக்கு உங்கப்பா எதற்குள் போகிறோம் என்று கண்ணால் பார்த்துப் போனார். தீ தெரிந்தது, சூடு தெரிந்தது, திரும்பி ஓட வாசல் தெரிந்தது. சமையல் கேஸுக்கு நாற்றம் சேர்த்திருக்கிறார்கள், மூக்கு கூப்பிட்டுச் சொல்லிவிடும். இன்னொரு தடவை ஒரு மண்டபத்தில் பாத்ரூம் கழுவ வந்தவள் ஒருத்தி ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டிவிட்டாள். நாங்கள் எல்லாரும் இருமிக்கொண்டே வெளியே ஓடினோம், இருமல்தான் எங்களைக் காப்பாற்றியது. உன் டேங்கரில் மூக்குக்கு வேலையில்லை, கண்ணுக்கும் வேலையில்லை. உங்கப்பா அங்கே இறங்கியிருந்தால் இன்றைக்குத் தழும்பு காட்ட அவர் இருக்க மாட்டார்.

இதையும் நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். ஐ.டி.ஐ. படித்த காலத்தில் முகூர்த்த நாளில் எனக்கு எண்ணெய் டின் உடைத்துக் கொடுப்பாய். ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் குபுக் குபுக் என்று துப்பிக் கையெல்லாம் கொட்டும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால் ஒழுங்காக ஊற்றும். எனக்குப் பழக்கத்தில் தெரியும், காரணம் தெரியாது. "எண்ணெ வெளிய வரணும்னா காத்து உள்ள போவணும்மா. எதுவுமே சும்மா வெளிய வராது" என்றாய். யார்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், டேங்கர் கதையும் அதுதான் என்று விளக்கினாய். சில சரக்கை இறக்கும்போது இன்னொரு பக்கத்தில் நைட்ரஜனை அழுத்தி விட்டுத் தள்ளுவார்கள், சரக்கு எல்லாம் வெளியே வந்துவிடும், உள்ளே நைட்ரஜன் நின்றுவிடும். நிறம் இல்லை, நாற்றம் இல்லை. அது மட்டுமே இருக்கிற இடத்தில் இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் விழுந்துவிடுவான். அதைக் கேட்டு நான் சிரித்தேன். அப்படியென்றால் எங்க ஊர்ப் பேச்சுதான் சரி, அந்த வண்டி நிண்டுகுந்தி என்றேன். நீ போய் முனிரத்தினத்திடம் சொல்லியிருக்கிறாய். அதற்குப் பிறகு சரக்கு இறக்கிய லாரி வந்து நின்றால் அவன் "நிண்டுகுந்தி பாவா" என்பானாம், இரண்டு பேரும் சிரிப்பீர்களாம். அன்றைக்கு மட்டும், பிரஷ் எடுக்க இறங்கும்போது, ஏன் அவன் வாயில் அந்த இன்னொரு சொல் வந்தது என்று நான் நினைத்து நினைத்து மாய்கிறேன். சொல்லுக்குப் பயந்து எந்தக் காற்றும் விலகி நிற்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மனசு அங்கேயே போய் நிற்கிறது.

நான் சொல்வதற்கு என்ன இருக்கிறது, எல்லாம் உனக்கே தெரிந்ததுதான். தெரிந்ததையே சொல்கிறேன், கேள். மூடியை ஒரே திருகில் திறக்காதே. குக்கரோ டிரம்மோ, உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரட்டும், அதற்கு நேராக முகத்தை நீட்டாதே. தீர்ந்ததைப் படுக்கவைத்தோ வெந்நீரில் நிறுத்தியோ கடைசிச் சொட்டை வாங்கப் பார்க்காதே. நானே அந்தப் பேராசையில் சிலிண்டரை வெந்நீரில் நிறுத்தி உன்னிடம் திட்டு வாங்கியவள். முகமூடி ஸ்டோரில் பூட்டிக் கிடந்தால் அன்றைக்கு எந்த மூடியையும் திறக்காதே. முதலாளி கத்தினால் கத்தட்டும். கயிறு கட்டாமல் எவனாவது ஏணியில் கால் வைத்தால் அவன் சட்டையைப் பிடித்து இழு, இரண்டு அறை கொடு, சண்டைக்காரன் என்று பெயர் எடு. விழுந்த பிறகு காட்டுகிற வீரத்தை விழுவதற்கு முன்னால் காட்டு. விழுந்த பிறகு மேலே நிற்பவன் கையில் ஒன்றுமே இல்லை. மெஷினை உள்ளே விடலாம், கத்தலாம், அடுத்தவனைத் தடுக்கலாம். அன்றைக்கு நீ செய்தது எல்லாமே அதுதான்.

இதையெல்லாம் எழுத முடிகிறது. இறங்காதே என்று எழுதத்தான் கை வரவில்லை. நாலு நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன். அந்த வார்த்தையை எழுதினால், உள்ளே விழுந்து கிடப்பவன் இன்னொருத்தியின் பிள்ளை, அவனை விட்டுவிடு என்று எழுதுகிற மாதிரி இருக்கிறது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். உள்ளே விழுந்தவன் நீயாக இருந்து, மேலே நின்றவன் முனிரத்தினமாக இருந்து, அவன் சட்டம் பேசிக்கொண்டு வாயை மறித்து உட்கார்ந்திருந்தால், நான் அவள் மாதிரி மெதுவாகக் கேட்டிருக்க மாட்டேன். அவனைச் சபித்திருப்பேன். அவன் சரியாகத்தான் செய்தான் என்று தெரிந்தே சபித்திருப்பேன். அப்படிப்பட்டவள் எந்த வாயால் உனக்குப் புத்தி சொல்வது?

நேற்று உன்னிடம் சொல்லாமல் பள்ளிப்பட்டுக்கு பஸ் ஏறினேன். அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. உள்ளே விடுவாளோ மாட்டாளோ என்று பயந்துகொண்டே போனேன், விட்டாள். வீட்டில் அடுப்பு எரிந்த அடையாளமே இல்லை. பக்கத்து வீட்டில் கொடுக்கிறதைத் தின்கிறாளாம். கேட்டால், சமையலறைப் பக்கம் கையைக் காட்டி "நிண்டுகுந்தி வதினா" என்றாள். மாற்று சிலிண்டர் வந்து வாசலிலேயே நிற்கிறது, மாட்டத்தான் ஆள் இல்லை. அதெல்லாம் முனிரத்தினம் செய்வானாம், அவளுக்கு அதைத் தொடவே பயமாம். நான் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்புத் திருகு மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். நீ சொல்லிக்கொடுத்த மாதிரி சோப்புத் தண்ணீரைக் குழைத்து மூட்டில் தடவிவிட்டு, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அந்த நுரையையே பார்த்தாள். அப்போதுதான் கேட்டாள்.

"அவன் மறுபடியும் அங்கயே போறானா வதினா?"

ஆமாம் என்றேன். நீ சொன்னதையும் சொல்லிவிட்டேன், இனிமேல் யார் விழுந்தாலும் இறங்குவேன் என்கிறான் என்று. வேறு யாரிடம் போய்ச் சொல்வேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேணான்னு சொல்லு. எவன் உழுந்தாலும் சரி, அவன் எறங்க வேணாம்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன். கையை இழுத்துக்கொண்டாள். "ஆனா நான் சொன்னேன்னு சொல்லாத வதினா. நான் சொன்னேன்னா, அன்னிக்கி அவன் மேலயே நின்னுகினு இருந்தது சரின்னு ஆயிடும். அத என்னால இன்னும் சொல்ல முடியல."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். நுரையில் ஒரு குமிழிகூட வரவில்லை. அடுப்பைப் பற்றவைத்து, அரிசி களைந்து உலையில் போட்டு, வடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். வாசல்வரை வந்தாள். மறுபடியும் ஒரு தடவை, சொல்லாதே என்றாள். அதற்கும் தலையாட்டினேன்.

பஸ் திருத்தணிக்கு வந்து நிற்பதற்குள் என் மனசு மாறிவிட்டது. தெரிந்தால் அவள் ஜென்மத்துக்கும் என் முகத்தில் விழிக்க மாட்டாள். தெரிந்தேதான் எழுதுகிறேன். எனக்கு வேறு வழி இல்லை. உங்கப்பா பேச்சு உன்னிடம் எடுபடவில்லை. என் அழுகையும் எடுபடவில்லை. மலை ஏறி முருகனிடம் முறையிட்டுவிட்டு வந்தேன், அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. உன்னை நிறுத்தி வைக்கிற சக்தி உலகத்தில் ஒருத்தியின் வார்த்தைக்குத்தான் இருந்தது. அதையும் அவள் சொல்லாதே என்று கையில் வைத்துப் பொத்திக் கொடுத்தாள், நான் திறந்து கொட்டிவிட்டேன். திங்கட்கிழமை காலையில் நீ ரயில் ஏறிவிடுவாய். அதற்குப் பிறகு அந்த வாயில் நிற்கப்போவது நீதான், நான் இல்லை. இத்தனை வருஷமாக இந்த வாயால் சொல்லாத சொல்லை முதல் தடவையாக உன்னிடம் சொல்கிறேன். உன்னைத் தடுக்க இனிமேல் என்னிடம் ஒன்றும் இல்லையடா. காலி.